குப்பியில் வந்த தேறல்: புறநானூற்றுப் பழைய உரையும் இடைக்கால இசுலாமியக் கண்ணாடிக் கலங்களும்

புறநானூற்றின் 56ஆம் பாடல் பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் பாடியது. யவனர் கொண்டுவந்த மணமிக்க தேறலை மகளிர் நாள்தோறும் ஏந்திக் கொடுக்க, அதனைப் பருகி இனிது வாழ்க எனப் புலவர் மன்னனை வாழ்த்துகிறார். இப்பாடலில் இரண்டு கலங்கள் உள்ளன. ஒன்று தேறல் வந்த கலம். மற்றொன்று தேறல் பருகப்பட்ட கலம். பின்னது பொன்னால் ஆனது என்று புலவரே சொல்லிவிடுகிறார். முன்னதை நல்ல கலம் என்ற அளவில் விட்டுவிடுகிறார். பெயர் அறியப்படாத பழைய உரையாசிரியர் அதனைக் ‘குப்பி’ என்று விளக்குகிறார்.

அந்த ஒரு சொல்லைப் பற்றியது இக்கட்டுரை. பழைய உரையின் வழிநின்று பாடம் நடத்தும் நம்மில் பலர், யவனர் கண்ணாடிக் குப்பிகளில் மது கொண்டுவந்தனர் என்று வகுப்பில் கூறியிருப்போம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே கூறினேன். மாணவர்களும் தேர்வில் அவ்வாறே எழுதினர்; நானும் மதிப்பெண் வழங்கினேன். அச்சொல் சங்க காலத்தைக் காட்டுகிறதா, உரையாசிரியரின் காலத்தைக் காட்டுகிறதா என்ற வினா அப்போது எழவில்லை. கொல்கத்தாவில் வேறொரு பணிக்காகச் சில நாட்கள் தங்க நேர்ந்தபோதுதான் அது எழுந்தது.

யவனர் மது வந்த கலம்

யவனர் மதுவைச் சுமந்து வந்த கலம் எது என்பதில் தொல்லியல் இன்று ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1945இல் மார்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வுகளில் ஆம்போரா எனப்படும் இரட்டைக் கைப்பிடிச் சுடுமண் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கேரளத்தில் பட்டணம் என்னும் ஊரில் 2007இல் தொடங்கிய அகழாய்வுகளிலும் அவை மிகுதியாக வெளிப்பட்டன. ஒரு சாடி ஏறத்தாழ 25 லிட்டர் கொள்ளும். கழுத்து நீண்டு, அடி கூர்த்து, கப்பலின் அடித்தளத்தில் அடுக்குவதற்கேற்ப அமைந்த கனத்த மட்கலம் அது. ஓர் ஆள் தூக்குவதே அரிது. அதனைக் குப்பி என்று எவரும் அழைக்கமாட்டார்.

உரோமானியக் கண்ணாடி தமிழகக் கரைக்கு வரவில்லை என்பது இதன் பொருளன்று. அரிக்கமேட்டிலும் பட்டணத்திலும் விலாவரி கொண்ட கண்ணாடிக் கிண்ணங்களின் துண்டுகள் கிடைத்துள்ளன. செங்கடல் வழிநூலாகிய பெரிப்ளூசு, முசிறிக்கும் பரிகசாவுக்கும் வந்த சரக்குகளுள் உருக்கித் தீர்ந்த, ஆனால் கலமாக வனையப்படாத கச்சாக் கண்ணாடியையும் சேர்த்துக் கூறுகிறது. அரிக்கமேட்டிலேயே மணிகள் செய்யும் தொழில் செழித்திருந்தது. ஆயினும் அக்காலத் தமிழர் கண்ணாடியை மணியாகவே மிகுதியும் அறிந்தனர். குடிகலமாக அறிந்ததற்கான சான்று மிகக் குறைவு. மணிமேகலையின் பளிக்கறை புக்க காதையில் உதயகுமரனுக்கு உருவம் தெரிந்தும் உட்புக வழி தெரியாமற்போன மண்டபம் பளிங்கினால் ஆனது. பளிங்கு என்ற சொல் இயற்கைப் படிகத்துக்குரியது. கண்ணாடி என்ற சொல்லோ, முகம் பார்க்கும் ‘ஆடி’யின் வழி வந்தது, அன்றைய ஆடி உலோகத்தால் ஆனது. இன்று நாம் குவளைக்கும் சன்னலுக்கும் பயன்படுத்தும் பொருளுக்குத் தமிழில் நெடுங்காலம் தனிப்பெயர் நிலைபெறவில்லை என்றே கருதவேண்டியுள்ளது. இக்குழப்பம் நமக்கு மட்டும் உரியதுமன்று. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பிளினி, இந்தியக் கண்ணாடி உடைந்த படிகத்தால் செய்யப்படுவதால் நிகரற்றது என்று எழுதிவைத்தார்.

குப்பி என்னும் சொல்

உரையாசிரியர் முன் வேறு சொற்கள் இல்லாமல் இல்லை. சாடி, தாழி, குடம், பானை யாவும் வழக்கிலிருந்தவை. சாடி என்பது கள்ளுக்குரிய கலமாகச் சங்க இலக்கியத்திலேயே வருவது. அவற்றை விடுத்துக் குப்பியைத் தெரிந்தெடுத்தார் என்றால், கடல் கடந்து வந்த நறுமணத் தேறல் என்றதும் அவர் மனக்கண்ணில் தோன்றியது சிறிய, வாய் குறுகிய, கையடக்கமான கலம் என்றாகிறது.

குப்பி என்றவுடன் கண்ணாடி என்று துணிந்துவிடவும் கூடாது. வடமொழிக் கூபீ என்பதனோடு தொடர்புடைய இச்சொல் குறுகிய உட்குழிவுடைய எதனையும் குறிக்கவல்லது. மாட்டின் கொம்பில் செருகும் உலோகப் பூணும் குப்பியே. கண்ணாடியைத் தெளிவாகச் சுட்டவேண்டிய இடத்தில் சித்த மருத்துவ நூல்கள் ‘காசிக்குப்பி’ என்று அடைகொடுத்துச் சொல்கின்றன. மருந்துச் சரக்கை அதிலிட்டு, மேலே சீலைமண் பூசி, மணலில் புதைத்து எரிப்பது மரபு. காசி நகரிலிருந்து வந்ததால் அப்பெயர் என்று மருத்துவர் சிலர் விளக்கம் சொல்வர். வடமொழி இரசவாத நூல்களில் ‘காச கூபீ’ என்பது கண்ணாடிக் குப்பியைக் குறிக்கப் பரவலாக வழங்குவதால், காசம் என்னும் கண்ணாடிப் பெயரே நாவில் திரிந்து காசியாயிற்று என்று கொள்வதே பொருத்தம். புண்ணிய நகரத்தின் பெயர் கேட்பதற்கு இனிது என்பதால் வரலாறு அதற்கு இடம் தரவேண்டியதில்லை.

மலையாள வழக்கு இங்குத் துணைசெய்கிறது. அங்கே கண்ணாடி வளையலுக்குக் ‘குப்பிவள’ என்று பெயர். வளையலில் குறுகிய வாயும் இல்லை, உட்குழிவும் இல்லை. ஆகவே கலத்தின் பெயர் அக்கலம் செய்யப்பட்ட பொருளுக்கே பெயராகிவிட்டது எனலாம். ஒரு மொழியில் இவ்வாறு நிகழவேண்டுமானால், மக்கள் கண்ணாடியை முதன்மையாகக் குப்பி வடிவில் பார்த்துப் பழகியிருக்கவேண்டும். மேற்குக் கரையில் அவ்வாறு பார்க்கும் வாய்ப்பு எப்போது மிகுந்தது என்ற வினா நம்மை இடைக்கால அரபுக் கடல் வணிகத்துக்கு இட்டுச் செல்கிறது.

அலெப்போவிலிருந்து மலபார் வரை

உருகிய கண்ணாடியை ஊதுகுழலின் நுனியில் திரட்டி, மூச்சால் குமிழாக்கி வடிவமைக்கும் உத்தி கி.மு. முதல் நூற்றாண்டில் சிரிய-பாலத்தீனக் கரையில் தோன்றியது. அதற்கு முன் ஒரு கலத்தை வனைய நெடுநேரம் ஆயிற்று. ஊதுகுழல் வந்தபின் சில நிமிடங்கள் போதும். இசுலாமிய ஆட்சியில் அதே நிலப்பகுதிகளில் இத்தொழில் தொடர்ந்தது. கி.பி. 9ஆம் நூற்றாண்டளவில் எகிப்தின் இயற்கைக் காரத்துக்கு மாற்றாக, உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பல் பயன்பாட்டுக்கு வந்தது. ஈராக்கின் சாமர்ரா, ஈரானின் நிசாப்பூர், எகிப்தின் புசுத்தாத்து, சிரியாவின் இரக்கா ஆகிய இடங்கள் இவ்வகைக் கலங்களுக்குப் பெயர்பெற்றவை.

குடிகலம் செய்யும் முறை எளியது போலத் தோன்றும். ஆனால் கைத்திறம் மிகுதியும் வேண்டுவது. குமிழை ஊதி, உருட்டி, நீளவிட்டு, அடியில் வேறொரு இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்துக்கொண்டு ஊதுகுழலை வெட்டி அகற்றுவர். பின்னர் மீண்டும் சூடேற்றி வாயை மலர்த்துவர். கம்பி ஒட்டிய தழும்பு கலத்தின் அடியில் நின்றுவிடும். அருங்காட்சியகங்களில் கலத்தைக் கவிழ்த்துப் பார்க்கும் அறிஞர் தேடுவது இத்தழும்பையே. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சிரியாவிலும் எகிப்திலும் செய்யப்பட்ட குவளைகள் அடி ஒடுங்கி வாய் விரிந்த, ஏறத்தாழ ஊமத்தம்பூ போன்ற தோற்றமுடையவை. வண்ணக் கண்ணாடித் தூளும் பொன்னும் கொண்டு அவற்றின் மேல் ஓவியமும் எழுத்தும் தீட்டி மறுபடி சூளையில் வைத்தனர். அவற்றுள் ஒன்று இங்கிலாந்தின் ஈடன்ஹால் மாளிகையில் பல தலைமுறை காக்கப்பட்டு, இன்று இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. உயரம் ஏறத்தாழ 16 செ.மீ. அது உடைந்தால் குடும்பத்தின் நற்பேறும் உடையும் என்ற நம்பிக்கை அக்குடும்பத்தில் நிலவியது.

இக்கலங்கள் சென்ற வழியைப் பாரசீகக் கவிஞர் சாதி காட்டுகிறார். 1258இல் நிறைவுற்ற குலித்தான் என்னும் நூலில், கிசு தீவில் தாம் கண்ட ஒரு வணிகனைப் பற்றிய கதை உள்ளது. 150 ஒட்டகங்களும் 40 பணியாளரும் உடைய அவ்வணிகன், முதுமையிலும் இறுதியாக ஒரு பயணம் மேற்கொள்ளத் திட்டமிடுகிறான். பாரசீகக் கந்தகம் சீனத்துக்கு, சீனப் பீங்கான் உரோம நாட்டுக்கு, உரோமப் பட்டு இந்தியாவுக்கு, இந்திய எஃகு அலெப்போவுக்கு, அலெப்போக் கண்ணாடி ஏமனுக்கு என்று அவன் கணக்கு நீள்கிறது. பேராசையை நகையாட வந்த கதை இது. ஆயினும் நகைப்பு செல்லுபடியாகவேண்டுமானால் சரக்கும் ஊரும் கேட்போர் அறிந்தவையாக இருக்கவேண்டும்.

ஏமனுக்கு அப்பால் என்ன ஆயிற்று என்பதைக் கெய்ரோ யூதத் தொழுகைக் கூடத்தின் கெனிசாவில் தங்கிய கடிதங்கள் சொல்கின்றன. துனீசியாவின் மகுதியா நகரிலிருந்து வந்த ஆபிரகாம் பென் இசூ என்னும் வணிகர் 1132 முதல் 1149 வரை மங்களூரை ஒட்டிய கரையில் வாழ்ந்தார். ஏடனிலிருந்த அவருடைய கூட்டாளிகள் அவருக்கு அனுப்பிய வீட்டுப் பொருள்களில் காகிதம், சவுக்காரம், பாய், வாணலி இவற்றோடு கண்ணாடிக் கலங்களும் குடிகோப்பைகளும் இருந்தன. அவருடைய கடிதங்களை எஸ். டி. கோய்த்தைன் தொகுத்தார். 1956இல் கொல்கத்தாவில் பிறந்த அமிதாவ் கோஷ், 1992இல் வெளியிட்ட ‘இன் அன் ஆன்டிக் லேண்ட்’ நூலின் வாயிலாக அவ்வணிகரையும் அவருடைய அடிமையாள் பொம்மனையும் பரந்த வாசகருக்கு அறிமுகம் செய்தார். அக்கடிதங்களில் ஒரு கப்பலின் உரிமையாளர் ‘பத்தன் சுவாமி’ எனக் குறிக்கப்படுகிறார். கல்வெட்டுகளில் நாம் காணும் பட்டணசுவாமியே இவர் என்பது கோய்த்தைனின் கருத்து. ஏடனின் சரக்கைச் சுமந்தவை அரபுக் கலங்கள் மட்டுமல்ல என்பதற்கு இது போதும்.

தமிழ்க் கரைக்கும் கிசு தீவுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. சாதி கதை நடக்கும் அதே தீவின் ஆட்சித் தலைவர் சமாலுத்தீன், ஆண்டுக்கு 1400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்ப உடன்பட்டதாக வசாபு எழுதுகிறார். அவருடைய உடன்பிறந்தார் தகியுத்தீன் காயல் முதலிய துறைகளின் பொறுப்பையும் பாண்டியன் அவையில் அமைச்சுப் பதவியையும் வகித்தார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, ஏடனிலிருந்தும் ஒர்மூசிலிருந்தும் கிசிலிருந்தும் வரும் கப்பல்கள் காயலைத் தொடுவதாகக் குறிப்பிடுகிறார். சற்று முந்திய காலத்துக்குத் திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தை சான்று தருகிறது. 1980க்கும் 1984க்கும் இடையில் சான் கார்சுவெல் அங்கு நடத்திய அகழாய்வுகளில் மேற்காசிய மெருகுப் பாண்டங்களோடு இசுலாமியக் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்தன. போர்ச் சூழலால் பணி தடைப்பட்டு, அறிக்கை 2013இல்தான் வெளிவந்தது.

உரையாசிரியர் இந்தக் கடல் உலகத்தின் காலத்தவர். அயல்நாட்டார் நறுமணப் பொருளைக் கலத்தில் கொண்டுவருவது என்றால் அவர் அறிந்த காட்சி துருக்கரும் சோனகரும் கொண்டுவரும் குப்பி. யவனர் என்ற சொல்லே இடைக்காலத்தில் அராபியரையும் உளப்படுத்தி வழங்கத் தொடங்கியதை எண்ணிப் பார்த்தால், அவர் பிழைபடப் பொருள்கொண்டார் என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை. தம் காலத்து யவனரின் கலத்தைப் பழைய யவனரின் கையில் கொடுத்தார், அவ்வளவே.

வாயிலில் குவிந்த உடைசல்

இவ்வளவு கலங்கள் வந்திருந்தால் அவை எங்கே என்று கேட்பது முறை. கொல்கத்தாப் பயணம் எனக்குப் பயன்பட்டது இவ்விடத்தில்தான். 1784இல் வில்லியம் ஜோன்ஸ் நிறுவிய ஆசியவியல் கழகம், பிப்லியோத்திக்கா இந்திக்கா என்னும் வரிசையில் வெளியிட்ட பாரசீக வரலாற்று நூல்களுள் சியாவுத்தீன் பரனியின் தாரீக்கே பிரோசு சாகி ஒன்று. சையது அகமது கானைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அது 1862இல் கொல்கத்தாவில் அச்சாயிற்று. பாரசீகம் அறியாத நான் எலியட்டும் டவுசனும் தொகுத்த ஆங்கில மொழிபெயர்ப்பின் துணையோடுதான் அதனை அணுக முடிந்தது.

அலாவுதீன் கில்சி தில்லியில் மதுவிலக்கு ஆணையிட்ட செய்தியைப் பரனி விரித்துரைக்கிறார். சுல்தான் முதலில் தாமே மதுக்கூட்டங்களைக் கைவிட்டார். தம் விருந்து மண்டபத்திலிருந்த பீங்கான், கண்ணாடிக் கலங்கள் யாவற்றையும் உடைத்துப் பதாவுன் வாயிலின் முன் கொட்டச் செய்தார். உடைசல் மேடாகக் குவிந்தது. அரண்மனைச் சேமிப்பிலிருந்த மதுவை அதே வாயிலில் ஊற்றியபோது மழைக்காலம் போல் சேறாயிற்று என்கிறார் ஆசிரியர். இதே அலாவுதீனின் படைத்தலைவர் மாலிக் காபூர்தான் 1311இல் மதுரை வரை வந்தவர். தில்லி அரண்மனையில் மதுவருந்தும் கலமாகக் கண்ணாடி இருந்தது என்பதற்கும், ஒரு மேடு எழும் அளவுக்கு இருந்தது என்பதற்கும் இதைவிடத் தெளிவான எழுத்துச் சான்று வேண்டியதில்லை.

சில பத்தாண்டுகளுக்குப் பின் தில்லி அவைக்கு வந்த இபின் பதூதா, உணவுக்கு முன் பொன், வெள்ளி, கண்ணாடிக் கலங்களில் சர்பத்து வழங்கப்பட்டதைக் குறிக்கிறார். மது போயிற்று, கலம் இருந்தது. சர்பத்து என்ற சொல்லும் தெற்கே வந்து தமிழாயிற்று.

அந்த மேடு இன்று இல்லை. கண்ணாடியின் இயல்பு அது. கொல்கத்தாத் தெருவில் தேநீர் பருகி எறியும் மண்குவளை உடைந்தும் மண்ணில் கிடக்கும். அகழ்வோர் கையில் ஒருநாள் ஓடாக வரும். உடைந்த கண்ணாடி மட்டும் உலைக்குத் திரும்பும் தகுதியுடையது. துருக்கியின் தென்மேற்குக் கரையில் செர்சே லிமானி என்னுமிடத்தில் 1025ஆம் ஆண்டையொட்டி மூழ்கிய ஒரு கப்பலை 1977 முதல் 1979 வரை சார்ச் பாசு குழுவினர் அகழ்ந்தனர். அதில் இருந்த கண்ணாடிச் சரக்கு ஏறத்தாழ 3 டன். அதில் ஒரு டன் உடைந்த கலங்களும் பட்டறைக் கழிவுகளும். உடைசலே கடல் கடந்து விற்கும் பண்டமாக இருந்திருக்கிறது. பதாவுன் வாயில் உடைசலையும் வளையல் செய்வோர் விட்டுவைத்திருக்கமாட்டார்கள் என்பது என் ஊகம்.

முழுமையாக எஞ்சியவை எவை என்று பார்த்தால் மற்றொன்று புலப்படுகிறது. சீனத்தின் பாமென் கோயிலின் அடித்தள அறை கி.பி. 874இல் மூடப்பட்டு 1987இல் திறக்கப்பட்டபோது ஏறத்தாழ 20 கண்ணாடிக் கலங்கள் முழு வடிவில் இருந்தன; பல மேற்காசியாவிலிருந்து வந்தவை. ஈடன்ஹால் குவளை தோலுறைக்குள் இருந்தது. பூட்டி வைக்கப்பட்டவை தப்பின, புழங்கியவை அழிந்தன. ஆகவே மண்ணில் கிடைக்கும் எண்ணிக்கையைக் கொண்டு புழக்கத்தின் அளவைக் கணிப்பது கண்ணாடியைப் பொறுத்தவரை ஏற்புடையதன்று. மொழியில் தேடினால் கூடுதலாகக் கிடைக்கும்.

தமிழில் எஞ்சியவை

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி சீசா, கூஜா, பீங்கான் என்னும் மூன்றையும் பாரசீக, உருதுச் சொற்களிலிருந்து வந்தவையாகக் காட்டுகிறது. சீசா என்பது பாரசீகத்தில் கண்ணாடியையும் கண்ணாடிக் கலத்தையும் ஒருங்கே குறிக்கும் சொல். கூஜாவின் மூலமாகிய ‘கூசா’ கழுத்துடைய நீர்க்கலம். தமிழகத்தில் அது பித்தளையாயிற்று, திருகுமூடி பெற்றது, இரயில் பயணத்துக்குத் துணையாயிற்று. திருமண வாயிலில் நிற்கும் பன்னீர்ச் செம்பின் உருண்ட வயிறும் நீண்டு ஒடுங்கிய கழுத்தும், சிரியாவில் ஊதிச் செய்யப்பட்ட கண்ணாடிப் பன்னீர்க் குப்பிகளின் வடிவை அப்படியே நினைவூட்டுபவை. நம் கைக்கு வந்ததும் உடையும் பொருளை உடையாத பொருளில் வார்த்துக்கொண்டோம் போலும்.

கொல்கத்தாவில் நாகோதா மசூதியை அடுத்த சித்பூர்ச் சாலையில் அத்தர்க் கடைகள் வரிசையாக உள்ளன. சிறு கண்ணாடிக் கலத்தை எடுத்துக் காட்டிய கடைக்காரர் அதனைச் ‘சிசி’ என்றார். பாரசீகச் சீசாவின் வங்க வடிவம் அது. எங்கள் ஊரில் இதனை என்னவென்று அழைப்போம் என்று அவர் கேட்டார். பெரிய கலத்தைச் சீசா என்போம் என்று சொல்லத் தொடங்கி, அத்தருக்கென்றால் குப்பி என்றேன். அப்படிச் சொன்ன பின்னர்தான் பழைய உரை நினைவுக்கு வந்தது. வெளிநாட்டு நறுமணம், சிறு கலம், கண்ணாடி மூன்றும் சேருமிடத்தில் நாவுக்கு இயல்பாக வரும் தமிழ்ச்சொல் உரையாசிரியருக்கு வந்த அதே சொல்தான்.

புறநானூற்று 56ஆம் பாடலுக்கு இனி அடிக்குறிப்பு எழுதுவோர், தேறல் வந்தது ஆம்போராச் சாடியில் என்று தொல்லியல் வழிநின்று ஒரு குறிப்பும், குப்பி என்னும் உரைச்சொல் இடைக்கால வழக்கு என்று மற்றொரு குறிப்பும் தரவேண்டும். இரண்டாவது குறிப்பை உரையாசிரியரின் பிழைத்திருத்தமாக எழுதாமல், காலம் அறியப்படாத அவ்வுரையின் காலத்தை வரையறுக்க உதவும் சொற்சான்றுகளுள் ஒன்றாக எழுதலாம். அவ்வுரை முழுவதிலும் இவ்வாறான கலப்பெயர்களையும் ஆடைப்பெயர்களையும் தொகுக்கும் பணியைத் தொடங்கியுள்ளேன்.